'ஜென்டில்வுமன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஒரு சொல் என்னை ஒரு வாரமாகப் படுத்துகிறது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' (1815) பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டும். அதில் வரும் 'ஜென்டில்வுமன்' (நல்ல குடும்பத்தில் பிறந்து நாகரிகமாக வளர்ந்த பெண், கையில் காசு இல்லாவிட்டாலும்) என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்?

'சீமாட்டி' என்றால் பணக்காரி என்று ஆகிவிடுகிறது. ஆனால் அந்த நாவலில் வரும் மிஸ் பேட்ஸைப் பாருங்கள். பாதிரியாரின் மகள், கல்யாணம் ஆகவில்லை, வயதான அம்மாவோடு மாடியில் ஒண்டுக்குடித்தனம். பணக்கார நாயகி எம்மாவின் வீட்டிலிருந்து பன்றியிறைச்சி வரும், எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லி ஆப்பிள் அனுப்புவார். அப்படியும் அவள் ஜென்டில்வுமன்தான். பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு உல்லாசமாகப் போன இடத்தில் எம்மா அவளைக் கேலி செய்ததும் நைட்லி கண்டிக்கிறாரே, அதற்குக் காரணமே அவள் பிறந்த நிலையிலிருந்து இறங்கிவிட்டவள் என்பதுதான். 'குலமகள்' சொன்னால் கற்பு வந்து நிற்கிறது, அது வேறு கதை. 'நற்குடிப் பெண்' ஓரளவு பரவாயில்லை, ஆனால் நம் ஊரில் அது உடனே சாதியை இழுத்து வருமே!

அப்புறம் கவர்னஸ் வேலை, அதாவது பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது. மிஸ் பேட்ஸின் அக்கா தங்கை மகளான ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அதை நினைத்தே நடுங்குகிறாள். 1847-இல் வந்த 'ஜேன் அயர்' என்ற வேறொரு நாவலின் நாயகிக்கு அந்த வேலையில் ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள் வேலைக்காரியும் இல்லை, வீட்டாரில் ஒருத்தியும் இல்லை. இவளை இன்னும் ஜென்டில்வுமன் என்பார்களா, மாட்டார்களா?

மொழிபெயர்ப்பில் அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்குள் கிடைத்தால் புண்ணியமாய்ப் போகும்.