லண்டன் போகிறோம், டிசம்பரில் ரயிலில் பாரிஸ்: இரண்டு இரவுக்கு இது தேவைதானா?

தெஹிவளைக்காரி:
நத்தாருக்கு அக்கா வீட்டுக்கு லண்டன் போகிறோம், நானும் அவரும் 8 வயது மகனும். பிரித்தானிய விசா வந்துவிட்டது. அங்கே நிற்கிற நேரம் யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் போய் இரண்டு இரவு தங்கி வர எனக்கு ஆசை. அவருக்கு அது வீண் செலவு. போய் வந்த ஆட்கள் சொல்லுங்கள்.

மரைன் டிரைவ்:
அவர் சொல்வதுதான் சரி தங்கச்சி. ரயில் ஓடுவது என்னவோ 2 மணி 20 நிமிடம்தான். ஆனால் அது புறப்படுகிற லண்டன் செயின்ட் பேங்கிராஸ் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் முன்னதாகவே நிற்க வேண்டும், பாரிஸ் நேரம் லண்டனை விட ஒரு மணி கூட, காலை 9 மணிக்கு ஏறினாலும் ஹோட்டலில் பையை வைத்துவிட்டு வெளியே வர 2 மணியாவது ஆகும், 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நாங்கள் ஒரு ஜனவரியில் போய் நல்லா அனுபவித்தோம். மகளின் கன்வஸ் சப்பாத்துக்குள் மழைத்தண்ணி போய், மியூசியத்தில் கண்ட பெஞ்சில் எல்லாம் இருந்து காலுறையைப் பிழிந்தாள். ஓவியம் பார்த்த ஆள் யார்?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அண்ணை, அது சப்பாத்தின் பிழை, பாரிஸின் பிழை இல்லை. இருட்டினால் என்ன, லூவ்ர் மியூசியம் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும் (செவ்வாய் பூட்டு, அதைப் பார்த்துப் போடுங்கள்), 18 வயதுக்குக் கீழே காசே இல்லை. தீப்பிடித்து 2024 டிசம்பரில் திரும்பத் திறந்த நோத்ர டாம் தேவாலயமும் இலவசம். விமானத்தில் போனால் ஊருக்கு வெளியே இறக்கிவிடுவான், ரயில் பாரிஸ் நகருக்குள்ளேயே கார் டு நோர் ஸ்டேஷன் வரைக்கும் போகும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் லாச்சப்பல். முருங்கைக்காய் தொடக்கம் தாலிக்கொடி வரைக்கும் நம்மட ஆட்களின் கடைகள்தான்.

மரைன் டிரைவ்:
தம்பி, முருங்கைக்காய் பார்க்க வெள்ளவத்தைச் சந்தை காணாதா?

பழைய கோச்சி:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பிள்ளை, பிரித்தானிய விசாவை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் போக முடியாது. நம் இலங்கைப் பாஸ்போட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, தனியாக வேண்டும். லண்டனில் போய் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், சுற்றுலா வந்தவரிடம் பொதுவாக அங்கே வாங்க மாட்டார்கள், கொழும்பிலேயே போட்டுவிட்டுப் போக வேண்டும். பெரியவருக்கு 90 யூரோ, மகனுக்கு 45, ஆக 225 யூரோ. அதற்கு மேல் 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி. விசா மறுத்தால் அந்தக் கட்டணம் திரும்பி வராது. பிரெஞ்சு அதிகாரி லண்டன் ஸ்டேஷனிலேயே பாஸ்போட் பார்ப்பார், திரும்பும்போது பிரித்தானிய அதிகாரி பாரிஸில் பார்ப்பார். அதனால் பிரித்தானிய விசாவில் பல தடவை நுழையலாமா என்றும் பாருங்கள், வழமையாக அப்படித்தான் கொடுப்பார்கள்.

(ரயிலில் வெளிநாடு போவது நமக்குப் புதிதா என்ன? கோட்டையில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் இறங்கி மெட்ராஸ் ரயில் பிடித்த காலம் இருந்தது. 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி போய்விட்டது.)

தெஹிவளைக்காரி:
225 யூரோவா! விசாவே வேறு என்று இந்த மனிசனும் சொல்லவில்லையே.

மரைன் டிரைவ்:
அந்தக் காசை வைத்து லண்டனிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு திரியுங்கள். இயற்கை வரலாற்று மியூசியத்துக்குக் காசே இல்லை, டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்தால் அவன் வீட்டுக்கு வரமாட்டான். பாரிஸுக்கு ஒரு ஜூன் மாதம் போங்கள், இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
ஜூனில் போக கொழும்பிலிருந்து திரும்ப மூன்று விமான டிக்கெட் யார் வாங்கித் தருவார்? இப்போது லண்டன் வரைக்கும் போகிற செலவு எப்படியும் போகத்தான் போகிறது. மேலே வருவது விசா, ரயில், இரண்டு இரவு ரூம். வழியில் கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் 38 கிலோமீட்டர் ரயிலில் போக 8 வயதுப் பெடியனுக்கு எப்படி இருக்கும்?

மரைன் டிரைவ்:
ஒன்றும் தெரியாது. யன்னலுக்கு வெளியே 20 நிமிடம் கறுப்பு. கையில் போனைக் கொடுத்தால் அவன் தலையே நிமிர்த்த மாட்டான்.

பழைய கோச்சி:
போவதானால் விசாவை இந்த மாதமே போடுங்கள், பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே எடுப்பார்கள். ரயில் டிக்கெட்டும் பிந்தப் பிந்த விலை ஏறும். 25ஆம் திகதியை விட்டுவிடுங்கள், அன்று யூரோஸ்டார் ஓடாது, லண்டனில் டியூப் என்கிற நிலத்தடி ரயிலும் இல்லை.