ஆடியோ இன்டர்ஃபேஸ்: லேப்டாப்பில் குரல் பிந்துகிறது, ஐபேடில் மின்சாரம் போதவில்லை

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் என் அப்பா வீட்டிலேயே தேவார வகுப்பு நடத்துகிறார். அவர் பாடும் பதிகங்களைப் பண் வாரியாகப் பதிவு செய்வதற்காக, இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கின் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) ஒரு கண்டென்சர் மைக்கும் வாங்கியிருக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் பதிவாகிறது. ஆனால் ஹெட்போனில் தம் குரல் சற்றுப் பிந்திக் கேட்பதால் தாளம் போடும்போது அவருக்குக் கை தடுமாறுகிறது. ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இணைத்தாலோ, அதிக மின்சாரம் தேவை என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. இன்டர்ஃபேஸையே மாற்ற வேண்டுமா?

லாஸ்பேட்டை (புதுச்சேரி):
மாற்ற வேண்டியதில்லை. உங்கள் ஐபேடில் இருப்பது லைட்னிங் போர்ட். கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரையிலும், 3.0 போர்ட் 900 வரையிலும் தரக்கூடியவை; லைட்னிங் அவ்வளவு தராது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இன்டர்ஃபேஸ் அதே கேபிளில் வரும் 5 வோல்ட்டிலிருந்துதான் உயர்த்திக் கொடுக்கிறது என்பதால், சுமை இன்னும் கூடுகிறது. ஆகவே சார்ஜர் செருகுவதற்குத் தனித் துளை உள்ள, லைட்னிங்கிலிருந்து யூஎஸ்பி 3க்கு மாற்றும் ஆப்பிள் கேமரா அடாப்டரை வாங்கி, அதில் சார்ஜரைச் செருகிய பிறகு இன்டர்ஃபேஸை இணையுங்கள். கடையில் ஓடிஜி (யூஎஸ்பி கருவிகளை இணைக்கும் அடாப்டர்) என்று மட்டும் கேட்டால் அந்தத் துளை இல்லாத மலிவான ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதன் பிறகும் அதே அறிவிப்பு வந்தால், தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்தால் சரியாகிவிடும்.

தேவனாம்பட்டினம்:
லேப்டாப்பைப் பற்றி நான் சொல்கிறேன். குரல் மென்பொருளுக்குள் போய்த் திரும்பி வருவதால்தான் இந்தத் தாமதம். பஃபர், அதாவது மென்பொருள் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஒலித் துணுக்குகளின் அளவு, 1024 சாம்பிள் என்றிருந்தால், 48,000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) ஒரு வழிக்கே சுமார் 21 மில்லிவிநாடி ஆகிறது. போக வர இருமடங்கு. இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவி, ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளில் அதையே தேர்ந்தெடுத்து, பஃபரை 128க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிவிநாடிக்கும் கீழே வந்துவிடும். இடையிடையே சடசடவென்று ஒலி வெட்டினால் 256க்கு ஏற்றுங்கள்.

ஆனால் ஒருவர் பாடுவதை மட்டும் பதிவு செய்வதற்கு இவ்வளவும் தேவையில்லை என்பது என் கருத்து. இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தானோ குமிழோ இருக்கும். அதைப் போட்டால் குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடும். அப்போது குரலை ஹெட்போனுக்குத் திருப்பி அனுப்பும் மென்பொருளின் மானிட்டரிங்கை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும்.

கெடிலக்கரை (கடலூர்):
இருவருக்கும் நன்றி. டைரக்ட் மானிட்டரில் அப்பா நிம்மதியாகப் பாடுகிறார். அடாப்டரைப் புதுச்சேரி நேரு வீதியில் வாங்கிவந்தேன். ஐபேடும் இன்டர்ஃபேஸை ஏற்றுக்கொண்டது. ஆனால் இணைத்ததும் ஐபேடின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. சுருதிப் பெட்டிச் செயலியின் ஒலியே வெளியில் கேட்கவில்லை. மேலும், லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மெல்லிய ரீங்காரம் ஒன்று பதிவாகிறது.

லாஸ்பேட்டை (புதுச்சேரி):
ஸ்பீக்கர் பழுதாகவில்லை. இணைத்தவுடன் ஐபேடின் ஒலி முழுவதும் இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே சுருதி ஹெட்போனில் வரும். அதுவே நல்லது, மைக்கில் சுருதி கலக்காது. மாணவர்களும் கேட்க வேண்டுமென்றால், இன்டர்ஃபேஸின் பின்புறத் துளைகளிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்துக்கொள்ளலாம். பதிவு நடக்கும்போது மட்டும் அந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

ரீங்காரத்துக்கு, சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் சார்ஜர்தான். பதிவு நேரத்தில் பேட்டரியிலேயே வைத்துக்கொள்ளலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பெரும்பாலும் ரீங்காரம் அடங்கிவிடும்.