உளுந்து எடுப்பும் மூன்றாம் பருவத் தேர்வும்: மதிப்பெண்ணை மார்ச்சிலேயே முடிப்பது சரியா?

வெண்ணாறு:
சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் பயறும் 65 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும். தை மாச நடுவில் தெளித்தால் பங்குனிக் கடைசியில் எடுப்பு. நம் பள்ளிகளின் மூன்றாம் பருவத் தேர்வும் அங்கேதான் வந்து விழுகிறது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சை நான்கு மாவட்டத்திலும் இதே கதை.

என் கருத்து: 6, 7 வகுப்புகளுக்கு, வகுப்பிலேயே அவ்வப்போது போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணை மார்ச் 20க்குள் முடித்து ஏற்றிவிட வேண்டும். ஏப்ரலுக்குப் பருவக் கடைசியில் வரும் தொகுத்தறித் தேர்வின் 60 மட்டும் மிச்சம் இருக்கட்டும். வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கே ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம் ஆகிறது. 32 பேர் என்றால் 128 நிமிடம், அதாவது 45 நிமிடப் பாடவேளை மூன்று. ஏப்ரலில் அந்த மூன்று பாடவேளையிலும் 32 பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். விட்டுப்போன ஏழெட்டுப் பேருக்காகத் தனியாக நாலு நாள் அலைய வேண்டும்.

குடமுருட்டி:
கணக்கு சரிதான் சார், முடிவு தப்பு.

வளரறி என்பது பாடம் நடக்கும்போதே நடப்பது. மூன்றாம் பருவம் ஜனவரியில் தொடங்குகிறது, பொங்கல் விடுமுறை ஒரு கடி கடித்துவிடும். மார்ச் 20ல் கதவை மூடினால் கடைசி இரண்டு பாடத்துக்கு மதிப்பீடே இல்லை. கணக்கில் அந்தக் கடைசிப் பாடங்கள்தான் அடுத்த வகுப்பின் முதல் பாடத்துக்கு அடி.

இன்னொன்று. எட்டு வரை எல்லோரும் தேர்ச்சி என்பது ஊருக்கே தெரியும். 40ம் போட்டாச்சு என்று தெரிந்தால் "டீச்சரே முடிச்சிட்டாங்க, இன்னும் எதுக்குப் போற"ன்னு வீட்டில் சொல்வார்கள். இப்போது காலையில் மட்டும் வராத பிள்ளை அதற்கப்புறம் நாள் முழுக்க வராது.

வெண்ணாறு:
ஏற்றியதைப் பிள்ளையிடம் யார் சொல்லப் போகிறார்கள்? பதிவேட்டில் இருப்பது நமக்கு.

குடமுருட்டி:
ஒரு வகுப்பில் ஏதாவது ரகசியமாக நின்றிருக்கிறதா சார்?

பாமணி_டீச்சர்:
இரண்டு பேரும் மதிப்பெண்ணிலேயே நிற்கிறீர்கள். ஏப்ரலில் முதலில் உதைப்பது வருகைப் பதிவேடு.

உளுந்துச் செடியை விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்குவார்கள். வெயில் ஏறினால் நெற்று வெடித்து மணி வயலில் கொட்டிவிடும். அதனால் வேலை ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் வயலுக்குப் போகாவிட்டாலும் பெரிய பெண் பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கும். அம்மா திரும்பிய பிறகு பத்தரைக்கு மேல் பள்ளிக்கு வரும். காலை வருகை எடுத்தாயிற்று. செயலியிலும் போட்டாயிற்று. இப்போது என்ன செய்வீர்கள்?

பலரும் பாவம் பார்த்துக் காலைக்கும் 'வந்தார்' என்று திருத்துகிறார்கள். அங்கேதான் சிக்கல். பதிவேட்டில் ஒன்று, செயலியில் ஒன்று. சத்துணவுக்குக் காலையில் எண்ணிச் சொன்ன தலைக்கணக்கு மூன்றாவது. 6 முதல் 8 வரையான நடு வகுப்புகளுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி; ஆறு பேர் பிந்தி வந்தால் 900 கிராம் வித்தியாசம். தணிக்கையில் முதலில் பார்ப்பதே இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான்.

செய்ய வேண்டியது: காலை 'இல்லை', மாலை 'வந்தார்'. அரைநாள் வருகை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். உணவுக்கு எண்ணும்போது 'பிந்தி வருவோர்' எண்ணிக்கையைத் தனியே சொல்லி அன்றைக்கே குறிப்பில் ஏற்றிவிட்டால் வம்பில்லை.

குடமுருட்டி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன் டீச்சர். பிள்ளை மதியம் வருகிறது. அப்படியென்றால் வளரறியை ஏப்ரலில் மதியத்துக்கு மாற்றினால் போதுமே, மார்ச்சுக்கு ஏன் ஓட வேண்டும்?

வெண்ணாறு:
ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுக் கட்டடத்தில் பிள்ளை வாசிப்பதை வைத்து மதிப்பெண் போடுவதா? அஞ்சு மணிக்கு எழுந்த பிள்ளை புத்தகத்தைப் பிடித்தபடியே தூங்கிவிடும். நீங்கள் அளப்பது வாசிப்பை இல்லை, தூக்கத்தை.

சரி, அந்தக் கடைசி இரண்டு பாடம் பற்றிச் சொன்னது நியாயம். 40ல் 30 மார்ச் 20க்குள், மிச்சம் 10 ஏப்ரலில் என்று பிரிக்கலாம். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

கோரையாறு:
பிரித்தாலும் ஒரு ஓட்டை. வராதவர்களுக்கு மறுநாள் அதே கேள்வியைக் கொடுக்கிறீர்களா? ஒரே தெருப் பிள்ளைகள். சாயங்காலமே விடை தெருவுக்குப் போய்விடும். சிறுதேர்வுக்கு மூன்று தொகுப்புக் கேள்வி முன்பே எழுதி வைக்க வேண்டும். கணக்கில் எண்ணை மாற்றினால் போதும், 10 நிமிட வேலை. தமிழில் பத்தியையே மாற்ற வேண்டும். அதே நீளம், அதே கடினம், அதில்தான் நேரம் போகும். தொகுத்தறித் தேர்வுக்கோ பொதுக் கால அட்டவணை, அதை அசைக்க முடியாது.

பாமணி_டீச்சர்:
வெண்ணாறு சார் பிரிப்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை: மார்ச் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் வரை தள்ளினால் பத்து மாதத் தப்பு ஒரே நாளில் தலையில் விழும்.

கூட்டுவது இப்படி. 28 பேர், 21 வேலைநாள் என்றால் அரைநாள் கணக்கில் 28 × 42 = 1176. வராதது மொத்தம் 95 என்றால் வருகை 1081. நாள்வாரியாகக் கீழே வந்த கூட்டலும், பிள்ளைவாரியாகப் பக்கத்தில் வந்த கூட்டலும் இரண்டுமே 1081 வர வேண்டும். வராவிட்டால் அந்த மாதத்திலேயே நிற்கவும், அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பெரும்பாலும் தப்பு இரண்டே இடத்தில்தான். ஒன்று, நடுவில் சேர்ந்த பிள்ளைக்கும் முழு வேலைநாளையும் போட்டுவிடுவது. இரண்டாவது உள்ளூர் விடுமுறை. திருவாரூர் ஆழித்தேருக்கோ தஞ்சைப் பெரிய கோயில் சித்திரைத் தேருக்கோ விட்டால், ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை வேலைநாள் வரும். விடுமுறையைக் கழித்துவிட்டு அந்தச் சனியைக் கூட்ட மறந்தால் ஆண்டு முழுக்க ஒரு நாள் குறையும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை 220 நாள், 1 முதல் 5 வரை 200 நாள் கேட்கிறது. நடு வகுப்புக்கு 219 என்று காட்டிவிட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

குடமுருட்டி:
பதிவேடு விஷயத்தில் டீச்சர் சொல்வதற்கு மேல் பேச்சில்லை. மதிப்பெண்ணில் மட்டும் நான் மாறவில்லை. 30ஐ முன்பே போட்டுவிட்டால் அந்த 10க்காக எந்தப் பிள்ளையும் வராது. நான் 20–20 என்பேன்.

கோரையாறு:
20ஓ 30ஓ, எட்டாம் வகுப்பை மறந்துவிட்டீர்கள். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்தால் வேறு பள்ளி. டி.சி. அடிப்பதற்கு முன்னால் எமிஸில் (மாணவர் விவரம் இருக்கும் அரசு இணையதளம்) பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அடித்த பிறகு திருத்துவது பெரும்பாடு. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் போகிறது. இன்றைக்கு விட்ட ஒரு 'ந', 'ண' இரண்டு வருஷம் கழித்து மதிப்பெண் சான்றிதழில் வந்து நிற்கும். பிறப்புச் சான்றைக் கொண்டுவரப் பெற்றோர் வர வேண்டும், அவர்கள் வயலில். அதனால் எட்டாம் வகுப்புக்கு மட்டும் இந்த ஒப்பீட்டை மாசியிலேயே முடிக்கணும்.

வெண்ணாறு:
மாசியில் சரி. உளுந்து பூக்கும் நேரம், வீட்டில் ஆள் இருப்பார்கள். டி.சி. கொடுத்த பிறகு எமிஸில் பிள்ளையின் பெயரைப் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுத் தொகுப்புக்கு அனுப்புவதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். அனுப்பாமல் விட்ட பிள்ளையை ஜூனில் புதுப் பள்ளி சேர்க்க முடியாது. பெயர் இங்கேயே தொங்கும், கடைசியில் இடைநின்றோர் பட்டியலில் போய் உட்காரும்.

குடமுருட்டி சார், 25–15?

குடமுருட்டி:
25–15 என்றால் அந்த 15ல் கடைசி இரண்டு பாடமும் கட்டாயம் இருக்க வேண்டும், வாசிப்பு காலை பதினொன்றுக்குள். அப்படி எழுதிக் கொடுங்கள், யோசிக்கிறேன்.