பெடல் அசிஸ்ட் 3-இலும் 5-இலும் மேட்டில் ஒரே இழுவைதான் வருகிறது, ஏன்?

சேலம்சைக்கிள்:
வணக்கம். எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. பின் சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, 7 கியர், ஹேண்டில்பாரில் 1 முதல் 5 வரை அசிஸ்ட், அதாவது மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியின் அளவு, காட்டும் சின்ன டிஸ்பிளே. சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போதுதான் குழப்பம். 3-இல் வைத்தாலும் 5-இல் வைத்தாலும் இழுவை ஒன்றுதான், நான் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் மோட்டார் கண்டுகொள்வதில்லை. ஆனால் சிக்னலில் 1-இல் வைத்துக் கிளம்பினால் பெடல் அரைச் சுற்று போனதுமே சட்டென்று பிடித்துத் தள்ளுகிறது, முன்னால் நிற்கும் வண்டியில் மோதிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் நிற்கிறது. போன வாரத்திலிருந்து இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே அசிஸ்ட் விட்டுவிட்டு வருகிறது. கடையில் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்கிறார்கள். சென்சார் போய்விட்டதா, இல்லை இதன் குணமே இதுதானா?

மிதிவண்டிப் பட்டறை:
சார், இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. விட்டுவிட்டு வருவது கோளாறு, மற்றதெல்லாம் அதன் குணம்.

உங்கள் வண்டியில் இருப்பது கேடன்ஸ் சென்சார் என்று நினைக்கிறேன். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியவே தெரியாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் மிக லேசான கியரில் போட்டு, பாரமே கொடுக்காமல் காலைச் சும்மா சுழற்றுங்கள். அப்போதும் மோட்டார் முழு மூச்சாக இழுத்தால் அது கேடன்ஸ்தான். டார்க் சென்சார் இருக்கும் வண்டி அப்படிச் செய்யாது, நீங்கள் அழுத்துகிற அளவுக்குத்தான் அதுவும் கொடுக்கும். யமஹா 1993-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸ் சைக்கிளே கால் விசையை அளந்து உதவுகிற வகைதான். அதனால் இது புதிய தொழில்நுட்பம் இல்லை, விலைதான் இதை எல்லா வண்டியிலும் வைக்க விடாமல் தடுக்கிறது.

இப்போது 3-க்கும் 5-க்கும் வருவோம். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டிதான் கன்ட்ரோலர். விலை குறைந்த கன்ட்ரோலர் பலவற்றில் இந்த எண்கள் பலத்தைக் குறிப்பதில்லை, வேகத்தின் உச்ச வரம்பைக் குறிக்கின்றன. உதாரணத்துக்கு 1 என்றால் மணிக்கு 12 கிலோமீட்டர் வரை, 3 என்றால் 18 வரை, 5 என்றால் 25 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்பைத் தொடும்வரை கன்ட்ரோலர் தன்னால் முடிந்த கரண்ட் முழுவதையும் அனுப்பும். மேம்பாலத்தில் நீங்கள் 10-இல் ஏறுகிறீர்கள் என்றால் 3-இன் வரம்பும் தொடவில்லை, 5-இன் வரம்பும் தொடவில்லை, ஆக இரண்டிலும் அதே முழு கரண்ட்தான். சிக்னலில் 1-இல் வைத்தும் சட்டென்று தள்ளுவதற்கும் காரணம் இதேதான், நின்ற இடத்திலிருந்து 12-ஐத் தொடும்வரை அது முழுப் பலத்தோடுதான் கிளம்பும்.

கோவை_கியர்:
மேட்டில் கியரைக் குறைத்தால் மோட்டாருக்குப் பாரம் குறையுமே, அதை முயன்று பார்த்தீர்களா?

மிதிவண்டிப் பட்டறை:
நடுவில், பெடல் அச்சில் மோட்டார் இருந்தால் நீங்கள் சொல்வது சரி, அங்கே மோட்டாரின் விசையும் செயின் வழியாகவே போகிறது. ஹப் மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றுகிறது, கியர் உங்கள் காலுக்கு மட்டும்தான். ஆனாலும் குறைத்தே ஆக வேண்டும், காரணம் வேறு. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுகிற சரிவு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏற்றத்துக்கு மட்டுமே 160 வாட்டுக்கு மேல் வேண்டும். நீங்கள் கனமான கியரில் திணறி வேகத்தை 6, 7-க்கு இறக்கிவிட்டால் மோட்டார் வாங்குகிற மின்சாரத்தில் கணிசமான பகுதி இழுவையாக மாறாமல் வெப்பமாக வீணாகிவிடும். லேசான கியரில் காலை வேகமாகச் சுழற்றி உங்கள் பங்கைக் கொடுத்தால் வேகம் இறங்காது, மோட்டாரும் பிழைக்கும்.

அப்புறம் அந்தக் கோளாறு. இடது பெடல் கைக்குப் பின்னால், அச்சை ஒட்டி ஒரு கறுப்புத் தட்டு இருக்கும், அதில் வட்டமாகச் சின்னச் சின்ன காந்தங்கள், பெரும்பாலும் 8 அல்லது 12. எதிரே சட்டத்தில் சென்சார். சில சென்சாரில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் அது மின்ன வேண்டும். பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள், பின்னோக்கிச் சுற்றினால் மோட்டார் ஓடாது, பயமில்லை. எங்காவது மின்னாமல் தாண்டினால் தட்டு தள்ளிப்போயிருக்கிறது, இல்லை காந்தத்தில் இரும்புத் தூளும் சேறும் ஒட்டியிருக்கிறது. இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

சேலம்சைக்கிள்:
பார்த்துவிட்டேன் அண்ணே. தட்டு தளர்ந்து அச்சில் லேசாக ஆடுகிறது, ஒரு பக்கம் சென்சாரை உரசி வெள்ளைக் கோடே விழுந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் வரும்போது விளக்கு மின்னவில்லை. துடைத்து, தட்டை உள்ளே தள்ளி அழுத்தி மாட்டினேன், இப்போது எல்லாக் காந்தத்துக்கும் மின்னுகிறது, ஓட்டிப் பார்த்ததில் விட்டுவிட்டு வரவும் இல்லை. லேசான கியர் சோதனையிலும் முழுசாக இழுத்தது, கேடன்ஸ்தான். சிக்னலில் தள்ளுவதற்கு ஏதாவது செய்ய முடியுமா? டார்க் சென்சார் மட்டும் வாங்கிப் போடலாமா?

மிதிவண்டிப் பட்டறை:
சென்சார் மட்டும் மாற்றினால் போதாது, கன்ட்ரோலரும் அதன் சிக்னலைப் படிக்கிற வகையாக இருக்க வேண்டும், பெடல் அச்சையே கழற்றி மாற்ற வேண்டும். அவ்வளவு செலவு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சிக்னலில் நிற்கும்போது அசிஸ்ட்டை 0-க்குக் கொண்டுவந்து, லேசான கியரில் காலாலேயே கிளம்பி, வண்டி நகர்ந்தபின் 1-ஐ அழுத்துங்கள். பிரேக் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிடியை லேசாகத் தொட்டாலே கரண்ட் நின்றுவிடும், மிதிப்பதை நிறுத்தியபின் வரும் அந்தக் கூடுதல் இழுவைக்கும் அதுதான் மருந்து.

டிஸ்பிளேவின் கையேட்டையும் ஒருமுறை படியுங்கள். கே.டி. (KT) என்ற பிராண்டு கன்ட்ரோலர் என்றால் பி3 (P3) என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 1 ஆக்கினால் எண்கள் வேகத்துக்குப் பதில் பலத்தை மட்டுப்படுத்தும், 1-இல் தள்ளுவது நன்றாகவே அடங்கும். மாற்றுவதற்கு முன் பழைய மதிப்புகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வேக வரம்பை 25-க்கு மேல் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் பதிவு தேவையில்லாத வண்டி என்ற சலுகை போய்விடும். பேட்டரி வோல்டேஜ் அமைப்பைத் தொடவே வேண்டாம்.