பழிவாங்குதலைக் குறிக்கும் ஜெர்மானிய வேர்ச்சொல்

கேள்வி (திருமங்கலம்):
ஜெர்மன் மொழியில் பழிவாங்குதலைக் குறிக்கும் ‘ராஹெ’ என்ற சொல்லின் தொன்மையான பொருள் என்ன? நம் ‘பழி’யைப் போல அதுவும் குற்றத்தையோ நிந்தையையோ குறித்துத் தொடங்கியதா?

மறுமொழி (மேலூர்):
இல்லை ஐயா. ‘பழி’ வாங்கப்படும் ஒன்று. அங்கோ அடிப்படைக் கருத்து விரட்டுதல். ஜெர்மன், ஆங்கிலம் முதலியவற்றின் மூதாதை மொழியான தொல்ஜெர்மானியத்தில் ‘ராஹெ’க்கு அடிப்படையான ‘வ்ரெகன்’ என்ற வினைக்குத் துரத்துதல், தண்டித்தல், பழிதீர்த்தல் என்ற பொருள்கள் கிளைத்தன. அதே குடும்பத்தின் பழைய மொழியான கோதிக்கின் ‘வ்ரிகன்’ துன்புறுத்துதலைக் குறித்தது. நெருக்கித் தள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் ‘உர்கேரே’யும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்ந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. எங்கள் ஊரில் மாட்டை விரட்டி ஓட்டுவதை மாடு பத்துவது என்கிறோமே, அந்தச் செயலை நினைத்துக்கொண்டால் வேரின் உணர்வு எளிதில் பிடிபடும்.

மறுமொழி (மதுரை, செல்லூர்):
மேலூர் நண்பர் சொன்னது சரி. என்னை மிகவும் நெகிழச் செய்வது விரட்டப்பட்டவனுக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயர்தான். பழைய ஆங்கிலத்தில் ‘வ்ரெக்கா’ என்றால் நாடு கடத்தப்பட்டவன்; அச்சொல் இன்றைய ஆங்கிலத்தில் ‘ரெட்ச்’ ஆகி இழிந்தவனையும் இரங்கத்தக்கவனையும் குறிக்க, அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘ரெக்கெ’யோ வீரனைக் குறிக்கிறது. ஊரை இழந்து அலைந்த ஒரே மனிதனை ஒரு மொழி பரிதாபத்தோடும் மற்றொன்று வியப்போடும் நினைவில் வைத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் கப்பற்சிதைவைக் குறிக்கும் ‘ரெக்’கும் இதனோடு சேர்ந்ததா?

மறுமொழி (மேலூர்):
ஆம் ஐயா. கடல் கரைக்குத் தள்ளிய பொருள் என்பதே அதன் முதற்பொருள்.