டெஸ்டில் எஃப்1 0.86, புதிய ஆர்.என்.ஏ குடும்பத்தில் 0.4 கூட வரவில்லை. எங்கே இடிக்கிறது?

மடிப்பு_23 (கேள்வி)
வணக்கம். ஆர்.என்.ஏ வரிசையிலிருந்து அதன் இரண்டாம் நிலை அமைப்பைக் கணிப்பது என் பிஎச்.டி. தலைப்பு. எந்த எழுத்து (ஏ, சி, ஜி, யு) எதோடு ஜோடி சேர்கிறது என்ற நீளம்×நீளம் மேட்ரிக்ஸைத் தரும் கன்வல்யூஷன் மாடல். அமைப்பு தெரிந்த வரிசைகள் உள்ள ஆர்.என்.ஏ ஸ்ட்ராலைன் டேட்டாவை எடுத்து, ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் சிடி-ஹிட்-இஎஸ்டி கருவியில் 80% ஒற்றுமைக்கு மேல் இருந்ததை வெட்டி, மிச்சத்தைக் குலுக்கி 8:1:1 எனப் பிரித்திருக்கிறேன். டெஸ்டில் எஃப்1 (ஜோடிகளை எவ்வளவு சரியாகப் பிடித்தது என்ற மதிப்பெண், 1 என்றால் முழுச் சரி) 0.86. ஆனால் ட்ரெயினிங்கில் இல்லாத, ஆர்ஃபேம் (ஆர்.என்.ஏ குடும்பங்களின் தரவுத்தளம்) குடும்பங்களில் ஓட்டினால் 0.4-ஐத் தொடவில்லை. அதே வரிசைகளுக்கு, ஆற்றல் கணக்கை வைத்து மடிப்பைக் கணிக்கும் ஆர்.என்.ஏஃபோல்ட் 0.6 தருகிறது. லேயரைக் கூட்டியும் ட்ராப்அவுட்டை ஏற்றியும் பலனில்லை. கைடு 'டேட்டா போதாது' என்கிறார். அதுதானா?

ஸ்டெம்லூப்
டேட்டா போதாதது இல்லை, பிரித்த விதம் தவறு. 0.86 என்பது மனப்பாட மார்க்.

வரிசை ஒற்றுமையை மட்டும் வைத்து 80%-இல் வெட்டுவது ஆர்.என்.ஏ-வுக்குப் பொருந்தாது. ஒரு டிஆர்என்ஏவை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 76 எழுத்து. அக்செப்டர் தண்டில் (தண்டு என்றால் ஜோடி சேர்ந்த பகுதி) 7 ஜோடி, ஆன்டிகோடான் தண்டில் 5 ஜோடி. இந்த 12 ஜோடியிலும் ஜி-சி இருந்த இடத்தில் ஏ-யு வந்தால் 24 எழுத்து மாறிவிடும், ஒற்றுமை 68%-க்கு இறங்கும். சிடி-ஹிட் இரண்டையும் வேறு வேறு என்று விட்டுவிடும். ஆனால் மடிப்பு அப்படியே அதே குளோவர் இலை. ஒன்று ட்ரெயினிங்கிலும் மற்றது டெஸ்டிலும் விழுந்தால் மாடல் மடிப்பைக் கணிக்கவே வேண்டாம், 'இது டிஆர்என்ஏ' என்று கண்டுபிடித்தாலே போதும். வெட்டு எல்லையை இன்னும் இறக்கலாம் என்றால் சிடி-ஹிட்-இஎஸ்டி ஏறத்தாழ அந்த 80%-லேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டியது: ஆர்ஃபேமின் கோவேரியன்ஸ் மாடல் (ஒரு குடும்பத்தின் வரிசையையும் மடிப்பையும் சேர்த்து விவரிக்கும் மாடல்) கோப்பை இன்ஃபெர்னல் மென்பொருளின் சிஎம்பிரெஸ்ஸில் போட்டுவிட்டு, எல்லா வரிசையையும் எந்தக் குடும்பம் என்று பார்க்க சிஎம்ஸ்கேனில் ஓட்டுங்கள். ஈ-வேல்யூ (தற்செயலாக எத்தனை பொருத்தம் வரும் என்ற எண்) வெட்டை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கட்-ஜிஏ ஆப்ஷன் வைத்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொகுப்பாளர்கள் நிர்ணயித்த வெட்டு மதிப்பே வரும். பிறகு குடும்பவாரியாக அல்ல, கிளான்வாரியாக (உறவுள்ள குடும்பங்களின் தொகுதிவாரியாக) பிரியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பாக்டீரியா ஆர்என்ஏஸ்-பி, ஆர்க்கியா ஆர்என்ஏஸ்-பி, எம்ஆர்பி எல்லாம் தனித்தனிக் குடும்பம், ஆனால் ஒரே கிளான். எதிலும் ஒட்டாத வரிசைகளை ட்ரெயினிங்கில் மட்டும் வையுங்கள்.

பூஜ்யஷாட்
மேலே சொன்னது சரி, ஆனால் 0.4-க்கு மாடல் பக்கத்திலும் பங்கு இருக்கும். இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, வகுப்புச் சமமின்மை. 200 எழுத்து வரிசையில் மேல் முக்கோணத்தில் 19,900 கட்டங்கள். உண்மை ஜோடி 60 இருந்தால் அதிகம். வெயிட் கொடுக்காமல் பைனரி கிராஸ் என்ட்ரபி வைத்தால், 'எதுவும் ஜோடி இல்லை' என்று சொன்னாலே லாஸ் இறங்கிவிடும். இதே வகை மாடலான யூஃபோல்டின் கோடில் பாசிட்டிவ் வெயிட் 300, அங்கிருந்து தொடங்கலாம். ஜோடி என்று ஏற்கும் த்ரெஷோல்டை வேலிடேஷனில் தேர்ந்தெடுக்கிறீர்கள் அல்லவா? அந்த வேலிடேஷனும் வேறு கிளானாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய கதைதான்.

இரண்டு, ஒப்பிடும் விதம். ஆர்ஃபேம் அமைப்பு என்பது குடும்பம் முழுதுக்குமான பொது அமைப்பு. ஒரு வரிசையில் மட்டும் இருக்கும் கூடுதல் ஜோடிகள் அதில் பதிவாகியிருக்காது. அவற்றைச் சரியாகக் கணித்தாலும் தப்பு என்றே எண்ணப்படும். ஆர்.என்.ஏஃபோல்டுக்கோ சூடோநாட் (ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஜோடிகள்) வராது. எனவே சூடோநாட் சேர்த்து ஒரு எஃப்1, நீக்கி ஒரு எஃப்1 என இரண்டையும் கொடுங்கள்.

ஏராளமான ஆர்.என்.ஏ வரிசைகளில் ப்ரீட்ரெயின் செய்த மாடல்களையும் பாருங்கள். ஆனால் அவை சர்வரோக நிவாரணி அல்ல. அவற்றில் ஒன்றான ரிநால்மோவில் 65 கோடி பாராமீட்டர். ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்துச் சோதித்தபோது பெரும்பாலான குடும்பங்களில் நன்றாக நின்றது, டெலோமரேஸ் ஆர்.என்.ஏ குடும்பத்தில் விழுந்தது. ஜிபியு குறைவு என்றால் 2021-இல் வந்த எம்எக்ஸ்ஃபோல்ட்2 வழியே மேல்: மாடல் தரும் மதிப்பு வெப்ப இயக்கவியல் ஆற்றலிலிருந்து ரொம்ப விலகாதபடி லாஸிலேயே ஒரு கடிவாளம். தெரியாத குடும்பம் வந்தாலும் இயற்பியல் பிடித்துக்கொள்ளும்.

டிஎம்எஸ்_ரசிகை
புதிய லேபிள் தேடுகிறீர்கள் என்றால் 2023-இல் காகிள் தளத்தில் நடந்த ரிபோநான்சா போட்டியின் டேட்டா இருக்கிறது. 2ஏ3, டிஎம்எஸ் என இரண்டு வேதிப்பொருள்களின் வினைப் பதிவுகள்; ஜோடி சேராத எழுத்தில் மதிப்பு கூடும், ஜோடி சேர்ந்ததில் குறையும். எடுக்கும்முன் சில எச்சரிக்கை. சிக்னல்-டு-நாய்ஸ் ஃபில்டர் தேறியவற்றை மட்டும் எடுங்கள். முன்னால் 26, பின்னால் 21 எழுத்துகளுக்கு மதிப்பு கிடையாது, காலி. அதைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிட்டால் 'இங்கே எல்லாமே ஜோடி' என்று மாடல் கற்றுக்கொள்ளும். அந்த இடங்களை லாஸ் கணக்கில் சேராதபடி மாஸ்க் செய்ய வேண்டும். டிஎம்எஸ் முக்கியமாக ஏ, சி-யில்தான் பேசும். ஜி, யு-வில் மதிப்பு குறைவாக இருப்பதை ஜோடி என்று படிக்காதீர்கள். ஏ, சி-யிலேயே கூட, மூன்றாம் நிலைத் தொடர்பால் மறைந்த எழுத்து ஜோடி இல்லாமலே அமைதியாக இருக்கும்.

மடிப்பு_23
நன்றி, மூவருக்கும். கிளான் வாரியாகப் பிரித்தால் 16எஸ் (ரைபோசோம் ஆர்.என்.ஏ) மொத்தமும் ஒரே பக்கம் போய்விடும், டேட்டாவில் பெரிய துண்டு அதுதான். சிஎம்ஸ்கேனும் அதில் நாள்கணக்கில் ஓடும் போலிருக்கிறது.

ஸ்டெம்லூப்
16எஸ்ஸை ட்ரெயினிங்கில் வைத்துவிடுங்கள், ஆனால் ஒவ்வொரு எபாக்கிலும் குடும்பத்துக்கு இத்தனை என்று உச்சவரம்பு வைத்து சாம்பிள் எடுங்கள். அதை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஆர்.என்.ஏ ஸ்ட்ராலைனில் ஃபோல்டர் பெயரே குடும்பப் பெயர்தான். வெளியிலிருந்து சேர்க்கும் வரிசைகளை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும். கைடுக்குக் காட்ட, ஆர்க்கைவ்-2 என்ற சோதனை டேட்டாவில் உள்ள 9 குடும்பங்களில் ஒவ்வொன்றாக ஒதுக்கி 9 ரன் எடுத்து, பக்கத்திலேயே ஆர்.என்.ஏஃபோல்ட் எண்ணையும் வையுங்கள்.