கீரைத் தோட்டத்து ஆர்.ஓ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

கீரைத்தொட்டி:
வணக்கம். சிங்கப்பூரில், லிம் சூ காங்கில் ஒரு கீரைத் தோட்டத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மண் இல்லாத சாகுபடி. குழாயில் ஓடும் சத்துநீரில் சாய் சிம், காய்லான் என்ற சீனக் கீரைகளை வளர்க்கிறோம். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால், செடி எடுக்காத சோடியம் அதிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கொட்டித்தான் ஆகவேண்டும். கழுவும் தண்ணீரையும் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர்.

இதை மீட்கத்தான் ஐந்து மாதத்துக்கு முன் ஆர்.ஓ. போட்டார்கள், அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் எந்திரம். 4 அங்குல விட்டம், 40 அங்குல நீளத்தில் மூன்று மெம்பிரேன் (சவ்வுச் சுருள்), ஒரே குழலுக்குள் வரிசையாக இருக்கின்றன. முன்னால் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி மட்டும்தான். மணிக்கு 1,000 லிட்டர் உள்ளே போனால் 750 நல்ல தண்ணீர், 250 ரிஜெக்ட், அதாவது உப்பு சேர்ந்த கழிவு. ரிஜெக்ட்டைத் தனித் தொட்டியில் சேர்த்து லாரியில் அனுப்புகிறோம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. 8 பார் அழுத்தத்தில் 750 தந்தது, இப்போது 13 பாரில் 380தான். நல்ல தண்ணீரின் ஈ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) 60 மைக்ரோசீமன்ஸிலிருந்து 85 ஆகிவிட்டது. இந்தத் தடவை சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவியும் இரண்டு நாள்தான் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழையபடி. விற்றவர் மெம்பிரேனை மாற்றச் சொல்கிறார். முதலாளி இதை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கே போகலாம் என்கிறார். நான் காவிரிக் கடைமடையில் பிறந்தவன். முறைத் தண்ணீருக்காக அப்பா ராத்திரி முழுக்க மடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இவ்வளவு தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை.

ஜூரோங்_ஃபிட்டர்:
பாசி பிடித்திருக்கும். ஃபீட் தொட்டியில், அதாவது ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீர் நிற்கும் தொட்டியில், கொஞ்சம் பிளீச் ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் கூலிங் டவரில் அப்படித்தான் செய்கிறோம்.

சாயத்தண்ணீர்:
தம்பி, பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். கூலிங் டவருக்குச் சரி, ஆர்.ஓ. மெம்பிரேனின் மேல்தோல் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக். 1 பி.பி.எம். குளோரின் சில நூறு மணி நேரம் பட்டாலே போதும், தோல் கெட்டு உப்பு நேராக உள்ளே போகும். உங்கள் சத்துநீரில் இரும்பு வேறு இருக்கிறது, அது இன்னும் விரைவாகக் கெடுக்கும்.

நான் திருப்பூரில் சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தவன். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. மெம்பிரேன் அடைப்பதைப் பார்த்துப் பார்த்தே அந்த வருடங்கள் போயின. அதனால் சொல்கிறேன், இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். குழலைத் திறந்து முதல் மெம்பிரேனையும் கடைசி மெம்பிரேனையும் தனித்தனியாகப் பாருங்கள். குழலின் நுழைவுக்கும் வெளிவாய்க்கும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு? ஃபீட்டின் பி.எச். எவ்வளவு? தொட்டி வெயிலில் இருக்கிறதா?

கீரைத்தொட்டி:
அண்ணா, இன்று மதியம் திறந்தேன். அழுத்த வித்தியாசம் 2.1 பார், புதிதாக இருந்தபோது 0.6. பி.எச். 7.3. தொட்டி வெள்ளை பிளாஸ்டிக், கொட்டகைக்கு வெளியே, மூடி கிடையாது.

முதல் மெம்பிரேனின் முகத்தில் விரல் வைத்தால் வழுக்குகிறது. பச்சையும் பழுப்பும் கலந்த கொழகொழப்பு, குளத்துச் சேறு வாடை. வேர்த்துண்டுகூட ஒன்று ஒட்டியிருந்தது. மூன்றாவதில் அந்த வழுக்கல் இல்லை, பின்முனையில் வெள்ளையாக நறநறவென்று இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது.

சாயத்தண்ணீர்:
அந்த மாவில் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் கரைந்தால் கால்சியம் பாஸ்பேட். கரையவே இல்லை என்றால் ஜிப்சமோ சிலிக்காவோ.

கீரைத்தொட்டி:
நுரை இல்லை. அப்படியே கரைந்துவிட்டது.

சாயத்தண்ணீர்:
அப்போது உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு நோய். முன்னால் பாசியும் கிருமியும் படியும் உயிரடைப்பு, பின்னால் பாஸ்பேட் படிவு. செடிக்கு வேண்டிய எல்லாமே இந்தத் தண்ணீரில் இருக்கிறது, வெயில் பட்டதும் பாசிக்கும் கிருமிக்கும் அதுவே சாப்பாடு. 75 சதவீதம் எடுக்கும்போது ரிஜெக்ட்டில் உப்பு நான்கு மடங்காகிறது. 7.3 பி.எச்.சில் கால்சியமும் பாஸ்பேட்டும் அவ்வளவு செறிவைத் தாங்காது, கடைசி மெம்பிரேனில் இறங்கிவிடும். 60 சதவீதத்துக்கு வந்தால் இரண்டரை மடங்குதான்.

இதைவிடப் பெரிய தப்பு வேகத்தில் இருக்கிறது. ஒரு மெம்பிரேனின் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர், மூன்றுக்கும் 24. மணிக்கு 750 லிட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 31. கிணற்றுத் தண்ணீருக்கு அது பரவாயில்லை, கழிவுநீருக்கு 17, 18 போதும். உங்களுக்கு விற்றவர் குழாய்த் தண்ணீர்க் கணக்கில் விற்றிருக்கிறார். மணிக்கு 400 லிட்டர் என்று வைத்து 18 மணி நேரம் ஓட்டுங்கள். 7,200 லிட்டர் கிடைக்கும், அது 12,000-த்தில் 60 சதவீதம். ரிஜெக்ட்டில் ஒரு பங்கைப் பம்புக்கே திருப்பிவிடும் வால்வு இருந்தால் திறந்து வையுங்கள். மெம்பிரேன்மேல் ஓட்டம் தளர்ந்தால் அழுக்கு உட்கார்ந்துவிடும்.

கழுவும் வரிசையும் தலைகீழ். ஆசிட்டை முதலில் விட்டால் கொழகொழப்பு இறுகிப்போகும். முதலில் காஸ்டிக் சோடாவும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வும், பி.எச். 11.5-க்கு மேல் போகாமல், 35 டிகிரிக்குள். ஆர்.ஓ. தண்ணீரிலேயே கலக்கிக் குறைந்த அழுத்தத்தில் சுற்றவிடுங்கள். முதலில் திரும்பும் கறுப்புத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, மீதியில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நன்றாக அலசிய பிறகுதான் 2 சதவீத சிட்ரிக். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காஸ்டிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

ஜூரோங்_ஃபிட்டர்:
பிளீச் சொன்னது தப்புதான், கற்றுக்கொண்டேன். பி.எச். குறைக்க, தோட்டத்தில் சத்துநீருக்கு ஊற்றும் அமிலத்தையே ஊற்றலாமா?

சாயத்தண்ணீர்:
லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமாக இருக்கும். பாஸ்பேட் படிவுக்கு அதையே ஊற்றக்கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கை டோசிங் பம்பில் வைத்து 6 பக்கம் கொண்டுவந்தால் போதும். பாஸ்பேட்டுக்கென்று வரும் ஆன்டிஸ்கேலன்ட்டையும் (படிவுத் தடுப்பு மருந்து) சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்வேதியல்:
ரிஜெக்ட் பற்றி யாரும் பேசவில்லை. 75-இலிருந்து 60-க்கு வந்தால் நாளுக்கு 3,000 லிட்டர் ரிஜெக்ட் 4,800 ஆகும். லாரிச் செலவைப் பார்த்து யாராவது கால்வாயில் திறந்துவிட நினைக்கலாம். அது கூடவே கூடாது. இங்கே மழைநீர் வடிகால்கள் பல நீர்த்தேக்கங்களுக்கே போகின்றன. உங்கள் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே பாசியாக மிதக்கும். கழிவுநீர்க் குழாய்க்கு விடவும் தேசியத் தண்ணீர் அமைப்பான பியூபியின் அனுமதி வேண்டும், கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம். உங்கள் ஃபீட் 1,600 என்று வைத்தால் ரிஜெக்ட் 4,000 வரும். மண்ணில் வளரும் செடிகள் இருந்தால் மழைநீரில் கலந்து கொடுக்கலாம், சோடியத்தை மாதம் ஒருமுறை சோதித்துக்கொண்டு.

இன்னொன்று. கார்ட்ரிட்ஜ் மட்டும் போதாது. 2003-இல் இங்கே வந்த, கழிவுநீரிலிருந்து மீட்கும் புதுநீரிலும் முதலில் நுண்வடிகட்டல், அடுத்து ஆர்.ஓ., அப்புறம்தான் புற ஊதா ஒளி. கழிவுநீர் நேராக ஆர்.ஓ.வுக்குப் போவதே இல்லை. முன்னால் ஒரு யு.எஃப். (மிக நுண்ணிய வடிகட்டி) வைக்க முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

கீரைத்தொட்டி:
24 நாள் கழித்து எழுதுகிறேன். தொட்டிக்குக் கறுப்பு மூடி, சுற்றிலும் நிழல்வலை. காஸ்டிக் முதலில், சிட்ரிக் பிறகு. முதல் கழுவலில் வந்த தண்ணீர் கடுங்காப்பி நிறம். அழுத்த வித்தியாசம் 0.7 பாருக்கு இறங்கியது. மணிக்கு 400 லிட்டர் 5 பாரிலேயே வந்தது. இன்று காலை 5.4 பார், ஈ.சி. 64. இடையில் ஒரு தடவைகூடக் கழுவவில்லை.

ரிஜெக்ட்டில் ஒரு பங்கு, மழைநீர் கலந்து, வேலியோர வாழைகளுக்குப் போகிறது. மீதி லாரியில்தான். யு.எஃப்.புக்கு விலை கேட்டிருக்கிறோம். நேற்று முதலாளி வந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காட்டச் சொன்னார். முன்பு நாலே நாளில் பச்சையாகும், இப்போது பத்து நாளாகியும் இளம் பழுப்புதான். பார்த்துவிட்டு இரண்டாவது தொட்டிக்கும் மூடி வாங்கச் சொன்னார்.